நெடுமடையூர்க் கரையில் யார் மண்?

கேளுங்கள், பிள்ளைகளே, பெரியவர்களும் காதைக் கொடுங்கள். ராஜாக்கள் யானை மேல் போன காலத்தில் நெடுமடையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்குத் தலைவரை ராஜா அனுப்பவில்லை, ஊரே தேர்ந்தெடுத்தது. வீட்டுக்கு ஓர் ஓலை. பிடித்தவர் குடத்தில் போட வேண்டியது. எப்பேர்ப்பட்ட ஊர், பாருங்கள்!

அங்கே கண்டன் என்று ஒருவன். முதல் தேர்தலில் வாய்க்கால் வெட்டுவேன் என்றான், தோற்றான். இரண்டாம் தேர்தலில் சத்திரம் கட்டுவேன் என்றான்; தோற்றான். இரண்டு முறையும் சாத்தன் என்பவரே ஜெயித்தார். மூன்றாம் தேர்தலில் கண்டனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். ஏரிக்கு மேற்கே நாற்பது குடிசைகள் கண்ணில் பட்டன.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். கோடைதோறும் ஊராரோடு சேர்ந்து மண் சுமந்து ஏரிக்கரையில் கொட்டினார்கள். ஓலை மட்டும் அவர்களுக்குக் கிடையாது. அவர்களைப் பற்றி அதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

"நம்ம தண்ணியக் குடிக்கிறாங்க" என்றான் கண்டன், முதல் நாள். "நம்ம மீனைப் பிடிக்கிறாங்க" என்றான், இரண்டாம் நாள். "அவங்க வந்த பிறகுதான் மழையே குறைஞ்சுது. நான் ஜெயிச்சா துரத்திடுவேன்" என்றான், மூன்றாம் நாள். அன்று ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை!

நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கியவர்கள்கூடக் கதவைச் சாத்தினார்கள். சாத்தனும் ஓலை போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தேர்தல் நாளன்று குடிசைக்காரர்களின் தலைவி வேம்பி சபைக்கு வந்தாள். "போகச் சொன்னாப் போறோம். இந்த ஊருக்கு நாங்க கொடுத்ததை எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

"தாராளமா!" என்று சிரித்தான் கண்டன்.

வேம்பி நேரே ஏரிக்கரைக்கு நடந்தாள். பின்னால் நாற்பது குடும்பம், கையில் மண்வெட்டி, தலையில் கூடை. "பன்னிரண்டு வருஷ மண்ணு. எங்க கூடை எது, உங்க கூடை எதுன்னு காட்டுங்கய்யா, வெட்டிக்கிறோம்."

ஊரோடு பின்னால் ஓடிவந்த கண்டன் அலறினான். "ஐயோ, கரை உடைஞ்சா ஊரே போயிடும்! அது ஊர் மண்ணு!"

"மண்ணு ஊர் மண்ணு. அதைச் சுமந்தவங்க மட்டும் வெளியூரா?"

வேம்பி மண்வெட்டியைக் கீழே போட்டாள். "பயப்படாதீங்க. ஒரு பிடி மண்ணைக்கூடத் தொட மாட்டோம். கரைக்குக் கீழே குழந்தைங்க இருக்காங்க." வெறுங்கூடையோடு, தலை நிமிர்ந்து, நடக்கத் தொடங்கினாள்.

விட்டுவிடுமா நெடுமடையூர்? ஓடிப்போய் வழிமறித்தது. நாற்பது வீட்டுக்கும் ஓலை கொடுத்தது. இரண்டு குடங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குடம், வேம்பிக்காக. அதில் முதல் ஓலையைத் தலைகுனிந்து போட்டவர் சாத்தன். மாலைக்குள் அந்தக் குடம் வழிந்தது. கண்டன் குடத்தில் ஒரே ஓர் ஓலை, வீட்டுக்கு ஒன்றுதானே!

ஆகவே, எங்கிருந்து வந்தாலும் ஊருக்கு உழைப்பவரே ஊரார். அவர்களைக் காட்டிப் பயமுறுத்தி வாக்குக் கேட்பவரை நம்பக் கூடாது.