வலைக்குப் பின்னால் நின்றவன்

"அவன் கை எப்போது ஒடியும்?" என்று கேட்டான் வென்டெல்.

கோச் இம்ரிக்கின் வாய் நிறையக் குண்டூசிகள். பிழைப்புக்கு அவர் தையல்காரர். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுத்தான் பேசினார்.

"யார் கை?"

"தெரியாத மாதிரி கேட்கிறீர்களே. பிளாஷெய் கைதான்."

யவோரா, ஸ்லோவாக்கிய மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். கண்ணாடித் தொழிற்சாலை ஆட்கள் சேர்ந்து அங்கே ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கினார்கள். முதல் அணியில் பாதிப் பேரைப் போர் கொண்டுபோனது. பிறகு ஆற்றில் வெள்ளம் வந்து கோல் கம்பங்களைக் கொண்டுபோனது. திரும்ப நட்டார்கள். தோற்றார்கள், மறுபடி தோற்றார்கள், எப்போதாவது சமன் செய்தார்கள். லீக் போட்டியின் கடைசி வகுப்பைத் தாண்டி மேலே போனதே கிடையாது. கழகத்தின் வரலாறு என்ன என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் ஊரார் சிரித்துவிட்டு பீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

பிளாஷெய் கோல்கீப்பராக வந்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

வென்டெல் மாற்றுக் கோல்கீப்பர். வாரநாளில் ரொட்டிக் கடையில் மாவு பிசைவான். ஞாயிற்றுக்கிழமை ஆட்ட உடுப்பு மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காருவான். ஒரு பொட்டுச் சேறு படாமல் வீடு திரும்புவான். வருடக்கணக்காக இதே கதை.

பிளாஷெய்க்கு மதுக்கடையில் பீர் சும்மா கிடைக்கும். கறிக்கடைக்காரர் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பார். வென்டெல் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்.

போன ஞாயிறு அவன் மனைவி மார்கிதா சூப்பை ஊற்றிக்கொண்டே, "இன்றைக்கு அந்தப் பந்தைப் பிடித்தானே பிளாஷெய், அடேயப்பா!" என்றாள்.

வென்டெல் சூப்பைத் தொடவில்லை. மறுநாளே தையல் கடைக்கு வந்துவிட்டான்.

"நான் அவனுக்கு எதில் குறைச்சல், கோச்?"

"எதிலும் இல்லை."

"பிறகு?"

"இனிமேல் பெஞ்சில் உட்காராதே. அவன் வலைக்குப் பின்னால் போய் நில்."

"எதற்கு?"

கோச் ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

*

வென்டெல் நின்றான். வலை கை எட்டும் தூரத்தில்.

வலைக்கு அந்தப் பக்கம் பிளாஷெயின் முதுகு. அந்த முதுகை அவன் வெறுத்தான். வெறுத்துக்கொண்டே பார்த்தான். காலை எங்கே ஊன்றுகிறான், எப்போது மூச்சை இழுக்கிறான், பந்து வரும்போது எந்தத் தோள் முதலில் அசைகிறது, எங்கே தவறுவான், எங்கே விழுவான் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் காத்துக்கிடந்தான்.

பிளாஷெய் விழவில்லை. இலையுதிர்காலம் போய், பனியும் உருகியது. யவோரா ஜெயித்துக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அக்கரை ஊரான ஸ்டுட்னாவோடு. சமன் செய்தாலே போதும், மேல் வகுப்பு.

அந்த வாரம்தான் வென்டெலுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. தெருவில் பிளாஷெயின் இடது பக்கமாகப் போய்த் தொப்பியை ஆட்டினான். பிளாஷெய் திரும்பவே இல்லை. முகத்துக்கு அருகில் ஆட்டினான். அப்போதும் இல்லை.

வென்டெல் தையல் கடைக்கு ஓடினான்.

"கோச்! அவனுக்கு இடது கண் தெரியவில்லை!"

"ஆமாம். கண்ணாடி உலையின் அனல். வருடமெல்லாம் அதன் முன்னால்தானே நிற்கிறான்."

"தெரிந்துமா அவனை நிறுத்துகிறீர்கள்?"

"இந்தப் பருவத்தில் இடது பக்கம் எத்தனை கோல் வாங்கினான்?"

எல்லா ஆட்டமும் வென்டெலுக்கு மனப்பாடம். யோசித்தான்.

"ஒன்றும் இல்லை."

"ஏன்?"

"அதிர்ஷ்டம்."

"நீ கத்துகிறாய்."

"நானா?"

"'இடது' என்று. ஒவ்வொரு தடவையும். ஊருக்கே கேட்கிறது."

வென்டெல் சுவரில் சாய்ந்தான். மனதுக்குள் சொல்லிக்கொள்வதாகத்தான் அவன் நினைத்திருந்தான். பந்து வந்ததும் வாய் தானாகத் திறந்திருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை கத்தாதே," என்றார் கோச். "கோல் விழும். அடுத்த பருவம் நீ நிற்கலாம்."

வென்டெல் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அதில் கேலி இல்லை.

*

ஊரே மைதானத்தில் இருந்தது. மார்கிதாவும் இருந்தாள்.

முதல் பாதி முழுக்க ஸ்டுட்னாக்காரர்கள் நடுவிலும் வலதிலுமே வந்தார்கள். பிளாஷெய் எல்லாவற்றையும் பிடித்தான். ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

இரண்டாம் பாதியில் பந்து இடது ஓரமாக வந்தது.

வென்டெல் பற்களை இறுக்கினான்.

பிளாஷெய் பந்தைப் பார்க்கவில்லை. தலையை லேசாகப் பின்னால் சாய்த்து நின்றான். காது கொடுத்துக் காத்துக்கொண்டிருந்தான். வென்டெல் அதைப் பார்த்தான்.

பந்து உள்ளே புகுந்தது. வலை உப்பி வந்து வென்டெலின் நெஞ்சில் இடித்தது.

மைதானம் ஓய்ந்துபோனது. பந்தை எடுக்க பிளாஷெய் குனிந்தான். வலைக்கண்கள் வழியாக வென்டெலைப் பார்த்தான். வென்டெல் திட்டுக்குத் தயாரானான்.

"தொண்டை கட்டிக்கொண்டதா?" என்றான் பிளாஷெய். "மார்கிதாவிடம் சொல்லிச் சூடான பாலில் தேன் விட்டுக் குடி. இன்றைக்கு நானே சமாளித்துக்கொள்கிறேன்."

பந்தை நடுவுக்கு உதைத்துவிட்டு, இடது கம்பத்தை நோக்கி ஒரு எட்டு நகர்ந்து நின்றான்.

வென்டெல் ஒரு எட்டு முன்னால் வந்து வலையைப் பற்றிக்கொண்டான்.

யவோராவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சமன். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஸ்டுட்னாக்காரன் ஒருவன் மறுபடி இடது ஓரமாகப் பாய்ந்து வந்தான்.

"இடது!"

அந்தக் குரலுக்கு வேலிமேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பிளாஷெய் பாய்ந்தான். விரல் நுனி பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

விசில் ஒலித்தது. யவோரா தன் வரலாற்றில் முதல் தடவையாக மேல் வகுப்புக்குப் போனது. ஜனங்கள் பிளாஷெயைத் தோளில் தூக்கிக்கொண்டு மதுக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

வென்டெல் வலையைப் பிடித்தபடி நின்றான். கோச் பின்னால் வந்தார்.

"கோல் விழுந்தது. சொன்னபடி அடுத்த பருவம் நீ நில்."

"வேண்டாம் கோச். நான் இங்கேயே நிற்கிறேன். என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தினீர்களே, அதுவே போதும்."

"நான் நிறுத்தவில்லை. அவன் கேட்டான்."

"யார்?"

"பிளாஷெய். கண் போனதும் முதலில் என்னிடம்தான் வந்தான். வலைக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்றான். யாரைப் போடட்டும் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னான்."

"என் பெயரையா? அவனுக்கு என்னைத் தெரியாதா? நான் அவனை எப்படி…"

"தெரியும் என்றான்." கோச் மதுக்கடைப் பக்கம் போகும் கூட்டத்தைப் பார்த்தார். "'இந்த ஊரில் என்னை விட்டுக் கண் எடுக்காதவன் அவன் ஒருவன்தான்' என்றான்."