ஆளில்லாமல் பாலம் கேட்ட நரி

மூன்று காடுகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது. அதன் குறுக்கே கற்பாலம் கட்ட மூன்று காடுகளின் யானைகளும் கூடி முடிவு செய்தன. கட்டுபவர்களுக்கு அக்கரையிலுள்ள வற்றாத மடு சொந்தமாகும் என்று முரசறைந்தன. ஒரே ஒரு நிபந்தனை: முழுப் பாலத்தையும் ஏற்க வேண்டும், துண்டு துண்டாக வேலை தருவதில்லை!

ஓடைச்சி என்ற நீர்நாய்க்கு அந்த மடு வேண்டும். அதன் குட்டை வற்றிக்கொண்டிருந்தது. குட்டிகளுக்கு மீன் அகப்படவில்லை. ஆனால் முழுப் பாலத்தையும் அது தனியே எப்படிக் கட்டும்?

நரி வந்தது. "பாலத்தை நான் எடுக்கிறேன். நீ ஆற்றடியில் கல் பொருத்து. நாளுக்கு ஒரு மீன் கூலி!"

"ஒரு மீனா? என் வீட்டில் நாலு வாய், நரியாரே!"

"வேண்டாமென்றால் போ. ஆமை அரை மீனுக்கே வருகிறதாம்!"

ஓடைச்சி நேரே ஆமையிடம் போய்ச் சண்டை பிடித்தது. "ஏன் ஆமையண்ணே, என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாய்?"

"நானா? நீ முக்கால் மீனுக்கு ஒத்துக்கொண்டதாக நரி சொன்னதே! அதனால்தான் அரைக்கு இறங்கினேன்!"

இரண்டும் திகைத்தன. விசாரித்தால், எருமையைக் காட்டிப் பன்றியிடமும், பன்றியைக் காட்டி எருமையிடமும் நரி கூலியைக் குறைத்திருந்தது. ஓடைச்சி அவ்விரண்டையும் அழைத்து வந்தது.

"நாம் நால்வரும் சேர்ந்து முழுப் பாலத்தையும் கேட்போம்!" என்றது ஓடைச்சி.

"எருமையோடா? அது போன இடத்தில் சேறுதானே மிஞ்சும்!" என்றது பன்றி.

"நீ கிண்டிய இடத்தில் அதுவும் மிஞ்சாது!" என்றது எருமை. எல்லாம் சிரித்துவிட்டன. சிரித்தபின் சேர்வது சுலபமாயிற்று.

யானைகளின் சபை கூடியது. நரியும் ஓடைச்சியின் கூட்டமும் பாலத்தைக் கேட்டு வந்தன. "நடுவில் ஒருவர் விட்டுப் போனால்?" என்று மூத்த யானை கேட்டது.

"அவர் பங்கையும் மற்றவர்கள் முடித்துத் தருவோம்!" என்றது ஓடைச்சி.

"நரியாரே, உம் ஆட்கள் எங்கே?" என்று யானை கேட்டது.

நரி திரும்பிப் பார்த்தது. அது நம்பியிருந்த ஆட்கள் எல்லாரும் ஓடைச்சியின் பக்கத்தில் நின்றார்கள்!

"நாளைக்கே ஆள் சேர்த்துவிடுகிறேன், ஐயா!"

"சேர்த்துக்கொண்டு வாரும். அதற்குள் பாலம் முடிந்திருக்கும். கால் நனையாமல் நடந்தே வரலாம்!" என்றது யானை. சபை அதிரச் சிரித்தது.

பன்றி தோண்டியது. எருமை கல் இழுத்தது. ஓடைச்சியும் ஆமையும் ஆற்றடியில் கல்லைப் பொருத்தின. மழைக்கு முன்பே பாலம் எழுந்தது! ஓடைச்சியின் குட்டிகள் அதன்மேல் ஓடி, மடுவில் தொப்பென்று குதித்து, ஆளுக்கொரு மீனோடு எழுந்தன.

பெரிய வேலை வரும்போது எளியவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்ளாமல் சேர்ந்து நின்றால், முழு வேலையும் அவர்களுக்கே கிடைக்கும்.