பொன்னுருக்கு

மலையில் மஞ்சளாய் மின்னிய கல்லைப் பொன் என்றார் பாளையக்காரர். அவர் தோண்டச் சொன்ன குழி சரிந்து ஆறு பேர் புதைந்தார்கள். அவர்களில் ஒருவன் பொற்கொல்லர் குழந்தைவேல் ஆசாரியின் ஒரே மகன். பிறகு ஒருநாள் பாளையக்காரர் ஆசாரியை அழைத்தார்.

“என் மகன் கல்யாணத்துக்கு இந்தக் கல்லை உருக்கித்தான் தாலி செய்யணும். முடியாதென்றால் உன் கை இருக்காது.”

“ஆகட்டும் எஜமான். பொன்னுருக்கு முடியும்வரை மாப்பிள்ளையின் தகப்பனார் உலைமுன்னே உட்காரணும். பாதியில் எழுந்தால் அபசகுனம்.”

கல் சூடேறியதும் கந்தகப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. ஊர் பார்த்திருக்க, பாளையக்காரர் இருமி இருமிக் கண்ணீர் வடித்தார். உலையில் மிஞ்சியது செங்கல் நிறப் பொடி.

“இது பொன்னில்லை எஜமான், இரும்பும் கந்தகமும். என் பிள்ளை புதைந்த அன்றைக்கு வராத கண்ணீர் இன்றைக்காவது வந்ததே.”

பாளையக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சேவகன் பக்கம் திரும்பினார்.

“இரும்பா? ஈட்டிக்கு ஆகும். நாளைக்கும் தோண்டச் சொல்.”