காலி வளைகளும் முள்புதர் முயல்களும்

மழை ஓயாத இங்கிலாந்தில், ஒரு குன்றுச் சரிவில் முயல்கள் வாழ்ந்தன. கிழட்டு முயல்களுக்கு ஆளுக்கு மூன்று வளை. ஒன்றில் தூங்கும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். இளசுகளோ முள்புதரடியில் நனைந்துகொண்டு கிடந்தன. வளை உள்ள முயல்தான் ஊர்க்கூட்டத்தில் பேசலாம் என்பது அங்கே வழக்கம். வளை இல்லை என்று முறையிடக்கூட வளை வேண்டும். நல்ல நியாயம், போங்கள்!

மின்னி என்ற இளம் முயல் நிறைமாதமாக இருந்தாள். ஒரு நாள் காற்றில் நரி வாடை வந்தது. கணவன் கருவாலனோடு கூட்டத் தலைவர் நெடுங்காதரின் வாசலுக்குப் போனாள்.

“ஐயா, குட்டி போடுகிறவரைக்கும் அந்தக் காலி வளையில் ஒண்டிக்கொள்கிறேன்.”

“விருந்தாளிகள் வந்தால் எங்கேம்மா தங்குவார்கள்?”

“அப்படியென்றால் மேல்சரிவில் நாங்களே தோண்டிக்கொள்கிறோம்,” என்றான் கருவாலன்.

“ஐயையோ! புல்வெளி அழகே போய்விடுமே. நாங்களும் உன் வயதில் பொறுத்துத்தான் இருந்தோம், தம்பி.”

“உங்களுக்கு எப்போது வளை கிடைத்தது, ஐயா?”

“எனக்கா? அப்பா தோண்டி வைத்திருந்தார். சரி சரி, கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன்.”

கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் வளைக்காரர்கள். “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் மூடுபனி இறங்கியது. முன்னால் நிற்பவர் முகம் தெரியவில்லை. நரி வருவது வெளியே கிடந்த இளசுகளுக்குத்தான் முதலில் கேட்டது. மற்றவர்களை எச்சரிக்கக் கருவாலன் பின்னங்காலால் தரையைத் தடதடவென்று தட்டினான். மேய்ந்துகொண்டிருந்த கிழங்கள் ஓடி வளைக்குள் புகுந்தன. அவனுக்குப் புக வளை இல்லை. அவனுடைய கீச்சுக் குரல் ஒரே ஒரு முறை கேட்டது. மின்னி புதருக்குள் பதுங்கிக் கிடந்தாள்.

“பிள்ளைகள் வெளியே இருக்கிறவரை நமக்கென்ன பயம்,” என்றார் நெடுங்காதர், வளைக்குள் இருந்தபடி.

பனி விலகியதும் மின்னி அழுது தீர்த்தாள். “இந்தக் குன்றில் என் குட்டிகள் பிறக்க வேண்டாம்,” என்றாள். இளசுகள் எல்லாம் அவளோடு ஓடையைத் தாண்டிப் போய்விட்டன. யாரும் தடுக்கவில்லை. தொல்லை விட்டது என்று கிழங்கள் நிம்மதியாக மேய்ந்தன.

மறுபடி பனி இறங்கியது. நெடுங்காதருக்குக் காது மந்தம். “நரி வந்தால் பிள்ளைகள் தட்டுவார்கள்,” என்று பழைய நினைப்பில் பக்கத்தில் மேய்ந்தவரிடம் சொன்னார். திரும்பிப் பார்த்தார். அங்கே ரத்தம் தெறித்த புல் மட்டும் இருந்தது.

“யாராவது தட்டுங்கள்!” என்று கத்தினார்.

தட்ட யாரும் இல்லை. பனிக்குள் புல் விலகி விலகி அவர் பக்கம் வந்தது.

இளையவர்களை வெளியில் கிடக்கவிடும் ஊர், ஆபத்து வரும்போது காக்க ஆளில்லாமல் அழியும்.