பெட்டியைக் கீழே வைத்தவர்

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டிய சுடலைமணிக்கு ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. நூறடி உயரத்தில் கூண்டு ஆடும். மனிதர் பாட்டுக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார். இப்போது மேலே ஆளே வேண்டாமாம். கீழே ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே கப்பல் சரக்குப் பெட்டியைத் தூக்கினால் போதும். சொகுசுதானே என்று வந்து உட்கார்ந்தார். பத்தே நிமிஷம், வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேருக்குப் பரீட்சை. தேறாவிட்டால் கேட்டில் நின்று லாரிக்குக் கொடி காட்ட வேண்டியதுதான். அந்த நினைப்பே அவரை அரித்தது. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கண் கொட்டாமல் திரையைப் பார்த்தார். குமட்டல் கூடியதுதான் மிச்சம்.

சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயசு. கடைசியில் வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டார்.

"டீச்சரம்மா, மேல அந்த ஆட்டம் ஆடினப்ப ஒண்ணும் செய்யலை. ஆடாத நாற்காலியில உக்காந்தா வாந்தி வருது. இதுக்கு என்னதான் வழி?"

"எந்திரிங்க அண்ணாச்சி" என்று அவளே உட்கார்ந்து ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பாதியில?"

"தலை சுத்துது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீச்சருக்கேவா? வெளியில சொல்லிராத."

"மேல இருக்கும்போது காத்து பலமா அடிச்சா என்ன செய்வீங்க?"

"பெட்டியை இறக்கிட்டுச் சும்மா இருப்போம்."

"ஆபீஸ்ல திட்டுவாங்களா?"

"எதுக்குத் திட்டணும்? அந்தக் காத்துல தூக்கினாத்தான் திட்டு."

"சரி, உக்காருங்க" என்று அவள் எழுந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை, பரீட்சையின் நடுவில், அந்தப் பாழாய்ப்போன புரட்டல் வந்தே விட்டது. அதிகாரி முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். சுடலைமணி பெட்டியைப் பதமாகத் தரையில் இறக்கினார். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் அதிகாரி.

"தலை சுத்துது சார். ரெண்டு நிமிஷம் பொறுங்க."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். புரட்டல் அடங்கியதும் சுடலைமணி திரும்பி மிச்சத்தையும் தூக்கி முடித்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஊத்திக்கிச்சு இல்லம்மா? மத்தவங்க ஒருத்தரும் பாதியில நிறுத்தலையே."

"நிறுத்தலைதான்" என்றாள் ஜெசிந்தா. "மத்த பதினோரு பேருக்கும் தலையே சுத்தலையாம் அண்ணாச்சி. அதுல ஒம்பது பேர் பெட்டியைக் கொண்டுபோய்க் கப்பல்ல இடிச்சிட்டாங்க. நீங்க திங்கக்கிழமை ஏழு மணிக்கு இதே நாற்காலிக்கு வேலைக்கு வந்திருங்க."