பட்டன் மேல் விரல்

தங்கச்சாமி அண்ணாச்சி தம் புது மாடல் காருக்குப் பின்பக்க பிரேக் பேட் மாற்ற வந்தார். அந்தக் காரில் ஹேண்ட் பிரேக் லீவர் கிடையாது. ஒரு பட்டனைத் தூக்கினால் மோட்டாரே பேடை இறுக்கிவிடும்.

மெக்கானிக் ரெஜினா சாவியைக் கேட்டாள்.

"சாவிய யாருக்கும் குடுக்க மாட்டேன். ஏசிய போட்டுட்டு உள்ளதான் இருப்பேன். நீ வேலையப் பாரு" என்றார் அண்ணாச்சி. சொன்னவர் சும்மா இருந்தாரா? பட்டனை நோண்டிக்கொண்டே இருந்தார். ஊரில் பாதிக் கடை அவருடையது என்பதால் ஒர்க்‌ஷாப் முதலாளியே கண்டும் காணாமல் நகர்ந்துவிட்டார்.

சக்கரத்தைக் கழற்றிய ரெஜினா சிரித்துக்கொண்டே எழுந்தாள். "நான் என்ன மாட்டுதேன்னு நீங்க பாக்க வேண்டாமா அண்ணாச்சி? இந்தப் பேடைக் கொஞ்சம் பிடிங்க. உங்க சீட்ல நான் இருக்கேன்."

அண்ணாச்சி ஆசையாய் இறங்கி, பிரேக்குக்குள் விரலை விட்டார். நிமிர்ந்தால், ரெஜினாவின் கை பட்டன் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, தொடாத! என் விரலு போயிரும்!" அலறியபடி கையை உருவிக்கொண்டார்.

"இவ்வளவு நேரமும் அங்க இருந்தது என் விரலுதான், அண்ணாச்சி."

வேலை முடியும்வரை அண்ணாச்சி வெயிலில் நின்றார். அவர் காரிலேயே விட்டிறங்கிய சாவி ரெஜினாவின் சட்டைப்பையில் இருந்தது. அவர் கேட்கவே இல்லை.