ஆட்சேபம் இல்லையென்றால்

"உங்க மூச்சால கெட்டேன்மா" என்றார் தயாபரன்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. மலையேறி வந்த இரைப்பு வேறு.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மலை ஆசிரமத்துக்குத் தலைவி; தயாபரனின் குரு, அவரைவிடப் பத்து வயது இளையவர். தயாபரனோ ஒரு சின்ன நாட்டின் சார்பில் உலக வர்த்தகப் பேச்சுகளுக்குப் போய்வருகிற பெரிய அதிகாரி.

"முதல்ல கோட்டைக் கழட்டுங்க. மலைக்கு யாராவது கோட்டு போட்டுட்டு வருவாங்களா?"

கழற்றினார்.

"இப்ப சொல்லுங்க. என் மூச்சு உங்களை என்ன பண்ணிச்சு?"

அங்கே ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன கேட்டாலும், ஒரு முழு மூச்சு இழுத்து விட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும். கோபக்காரர்களுக்காக அம்மா செய்த ஏற்பாடு. தயாபரன் மகா கோபக்காரர். அவர் மனைவி பீங்கான் தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வருக்கு மாறியதே அதனால்தான். மூச்சுப் பழக்கம் வந்த பிறகு பீங்கான் கீழே இறங்கியது.

"மருந்துக் காப்புரிமை மாநாடும்மா."

"தெரியும். லூர்து தினமும் அதையேதான் கேட்டு என்னைத் துளைக்கிறான்."

லூர்து அடுக்களையைப் பார்த்துக்கொள்பவன். ரத்தப் புற்று. தினம் ஒரு மாத்திரை. உள்ளூர்க் கம்பெனி செய்வது, மலிவு. அதை விழுங்குகிறவரை அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்குவான். அதே மாத்திரையை வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்குவதென்றால் ஆசிரமத்தையே விற்றாலும் கட்டாது.

வாசலிலேயே அவன் மறித்துக் கேட்டிருந்தான்: "என்னாச்சு சார், நம்ம மாத்திரை?"

"அப்புறம் சொல்றேன்" என்று நழுவி வந்திருந்தார் தயாபரன்.

இப்போது அம்மாவிடம் விளக்கினார்: "காப்புரிமை முடிஞ்ச மாத்திரைக்குக்கூட வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க மேல்பூச்சை மாத்திடறாங்க. புதுசுன்னு சொல்லி மாத்திரை முழுசுக்கும் மறுபடி முதல்லேருந்து உரிமை கேக்கறாங்க. அதை அனுமதிக்கிற வாசகம்தான் மேசைக்கு வந்தது."

"கேட்டா என்ன? கண்டுபிடிச்சவன் உழைக்கலையா?"

"உழைச்சான். யார் இல்லேன்னாங்க? ஒரு தடவை முழுசா எடுத்துக்கட்டும். அதுக்கப்புறம் எங்க ஆளுங்களைச் செய்ய விடட்டும். அவ்வளவுதான் என் திருத்தம். பெரிய நாடுகள்ல சிலர்கூட நியாயம்னு தலையாட்டினாங்க. சின்ன நாடுகள் எல்லாம் சேர்ந்து, 'நீங்களே எழுந்து சொல்லுங்க'ன்னு என்கிட்ட விட்டாங்க."

"விட்டாங்க. நீங்க?"

"மாநாட்டுத் தலைவர் வாசகத்தைப் படிச்சார். 'ஆட்சேபம் உண்டா?'ன்னார்."

"உண்டுன்னு சொல்றதுக்கு என்ன?"

"மூச்சை இழுத்தேன்."

அம்மாவின் கை கீரையில் நின்றது.

"விடறதுக்குள்ள சுத்தியல் விழுந்துடுச்சு. அங்க பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம். பதறிப்போய் என் பெயர்ப் பலகையை நிமிர்த்தி வச்சேன். பேசணும்னா அப்படித்தான் காட்டணும். தலைவர் என்னைப் பார்த்து அழகா சிரிச்சுட்டு, 'அடுத்த பொருள்'னார்."

"மத்தவங்க யாரும் வாயைத் திறக்கலையா?"

"என்னைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க, நான் சொல்வேன்னு."

"திருப்ப முடியாதா?"

"முடியாதும்மா. இந்த வருஷத்தோட உள்ளூர்க் கம்பெனி செய்யறதை நிறுத்தணும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் ஒன்றாய்க் கலந்துபோயின.

"சொல்லுங்கம்மா. பழக்கம் தப்பா, நான் தப்பா?"

அம்மா எழுந்தார்.

"சாப்பிட வாங்க" என்றார்.

பந்தியில் பேசக்கூடாது என்பதும் அங்கே விதி. வேண்டாமென்றால் இலைக்கு மேல் கையை வைத்து மறைக்க வேண்டும். மறைக்காதவரை பரிமாறிக்கொண்டே இருப்பார்கள்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது. லூர்து ரச வாளியோடு வந்தான். தயாபரன் அவன் முகத்தைப் பார்க்காமல் சோற்றைக் குழித்தார்.

ஒரு கரண்டி ஊற்றினான். நகரப் போனவனை அம்மா விரலால் நிறுத்தினார். இன்னும், என்று காட்டினார்.

ஊற்றினான்.

இன்னும்.

லூர்து அம்மாவைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், ஊற்றினான். தயாபரன் பக்தியோடு சும்மா இருந்தார். குரு செய்தால் காரணம் இருக்கும்.

இன்னும்.

சோறு மிதந்தது. கொதிக்கிற ரசம் இலையின் நரம்போடு ஓடி, விளிம்பைத் தாண்டி, அவர் மடியை நோக்கிப் பாய்ந்தது.

அவர் கை பறந்து வந்து இலையை மூடியது.

"போதும்! போதும்யா!"

பந்தியே திரும்பிப் பார்த்தது.

"மூச்சு விட்ட மாதிரி தெரியலையே" என்றார் அம்மா. பந்தியில் அவர் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"சுடுதும்மா. வழிஞ்சு என் மடியில…"

சொல்ல வந்தவர் 'என் மடியில்' என்பதோடு நின்றுவிட்டார். கை மட்டும் இலைமேல் இருந்தது. விரல் இடுக்குகளில் ரசம் வடிந்தது.

லூர்து தோளிலிருந்த துண்டை எடுத்து அவசரமாக அவர் மடியைத் துடைத்தான்.

"மன்னிச்சுக்குங்க சார். பட்டுடுச்சா?"



அவன் துண்டைப் பிழிந்துகொண்டே, விதியையும் மறந்து, தாழ்ந்த குரலில் கேட்டான்: "அப்புறம் சொல்றேன்னீங்களே சார். நம்ம மாத்திரை என்னாச்சு?"

தயாபரன் மூச்சை இழுத்தார்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "இப்பவே சொல்லுங்க."